கீட்டோவா, காலர்பாவா, கஞ்சிப்பாசியா? மதுரை வெயிலுக்கு ஏற்ற கடற்பாசித் தேர்வு

உப்புநீர் மீன்தொட்டியில் தீனியால் சேரும் நைட்ரேட், பாஸ்பேட் சத்தை இழுத்து வெளியேற்றத்தான் கடற்பாசி வளர்க்கிறோம். 200 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சோடி கோமாளி மீன், இரண்டு டாம்ஸல், ஒரு கோபி. தினமும் ஒரு கிராம் பெல்லட், அதாவது மீன் தீனி உருண்டை, போடுகிறோம். பெல்லட்டில் 40 சதவீதம் புரதம், புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக ஒரு கிராமில் 0.064 கிராம், வாரத்துக்கு 0.45 கிராம் நைட்ரஜன் தண்ணீருக்குள் போகிறது. அத்தனையும் நைட்ரேட்டாக மாறினால் வாரம் சுமார் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) ஏறும். ஒரு பங்கு மீனின் உடம்பில் சேரும், ஒரு பங்கைப் பாக்டீரியா வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க நம் தலையில்தான்.

இப்போது பாசிப் பக்கம். தண்ணீர் வடிந்த 100 கிராம் பாசியைக் காயவைத்தால் சுமார் 10 கிராம் நிற்கும். அதில் நைட்ரஜன் 3 சதவீதம் என்று வைத்தால் 0.3 கிராம். அப்படியானால் மேலே சொன்ன தொட்டியை ஈடுகட்ட வாரம் 150 கிராம் பாசியை அறுத்து வெளியே எடுக்க வேண்டும். "பாசி போட்டேன், நைட்ரேட் இறங்கவில்லை" என்று சொல்லும் பெரும்பாலான தொட்டிகளில் இந்த 150 கிராம் நடக்கவே இல்லை. தொட்டிக்குள் கிடக்கும் பாசி சத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அழுகினால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். எந்த இனம் என்பதை முடிவு செய்யும் முன் மனதில் இருக்க வேண்டிய கேள்வி இதுதான்: எதை நம்மால் வாராவாரம் அள்ளி, எடை போட்டு, வெளியே கொண்டுபோக முடியும்?

பாஸ்பேட்டுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும், முடிவு வேறாக வரும். கடற்பாசி பொதுவாக 30 நைட்ரஜன் அணுவுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு என்ற அளவில் எடுக்கும். 0.45 கிராம் நைட்ரஜனோடு போகும் பாஸ்பரஸ் சுமார் 0.033 கிராம். பெல்லட்டிலோ பாஸ்பரஸ் ஒரு சதவீதம் அளவில் இருக்கிறது, வாரத்துக்கு 0.07 கிராம் உள்ளே வருகிறது. பாதிதான் வெளியேறுகிறது. நைட்ரேட் ஒழுங்காக இறங்கியும் பாஸ்பேட் 0.2, 0.3 என்று ஏறிக்கொண்டே போவதற்குக் காரணம் பாசியின் சோம்பல் அல்ல, இந்த விகிதம்தான். அந்த மீதிக்கு, பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு மீடியாவைக் கொஞ்சமாக, தண்ணீர் ஊடே ஓடும் ரியாக்டர் குடுவையிலோ வலைப்பையிலோ வைத்தால் போதும்.

மதுரை என்பதால் மாறும் மூன்று விஷயங்கள்

முதலாவது வெப்பம். சித்திரையிலும் அக்னி நட்சத்திரத்திலும் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் 25, 26 டிகிரியை வைத்து எழுதப்பட்டவை. 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 31 டிகிரியில் 6.1 தான். சூடு ஏற ஏற மீனும் பாக்டீரியாவும் பாசியும் மூச்சுக்கு அதிகம் கேட்கும், தண்ணீரோ குறைத்துக் கொடுக்கும்.

சில்லர் (நீர் குளிரூட்டி) இல்லாத வீட்டில், சம்ப் எனப்படும் துணை வடிகட்டித் தொட்டியின் மேல் ஒரு 12 வோல்ட் மின்விசிறியைச் சாய்வாக வைத்தால் கோடையில் 2, 3 டிகிரி குறையும். மதுரைக் கோடையின் வறட்சி இதற்குக் கைகொடுக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு 3, 4 லிட்டர் ஆவியாகிப் போகும். 200 லிட்டரில் 4 லிட்டர் போனால் உப்பு 35-லிருந்து 35.7 ஆகிறது. இரண்டு நாள் ஊருக்குப் போய்வந்தால் மீனுக்கும் பாசிக்கும் அது உறைக்கும். மிதவை வால்வோடு கூடிய நன்னீர் வாளி ஒன்று கட்டாயம் வேண்டும். ஐப்பசி மழையில் காற்று ஈரமாக இருப்பதால் விசிறியால் பெரிய பலன் இல்லை. அப்போது தேவையும் இல்லை.

இரண்டாவது, அந்த வாளியில் ஊற்றும் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பும் நைட்ரேட்டும் சிலிகேட்டும் தினமும் 4 லிட்டர் வழியாகத் தொட்டிக்குள் போனால், நல்ல பாசிக்கு முன்னால் பழுப்புப் படலமும் முடிப்பாசியும்தான் வரும். வீட்டு ஆர்ஓ இயந்திரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல மாடல்களில் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன வால்வு உண்டு. ருசிக்காக வடிகட்டிய தண்ணீரில் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடுவதுதான் அதன் வேலை. குடிக்கும் குழாயில் பிடித்தால் அந்தக் கலவை வரும். மெம்பிரேனிலிருந்து வெளிவரும் குழாயில், வால்வுக்கு முன்னால் மூன்று வாய் உள்ள ‘டீ’ இணைப்பு ஒன்றைப் போட்டு, அங்கிருந்து மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ ரெசின் குடுவைக்கு இழுத்து, டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டும் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். 5-ஐத் தாண்டினால் ரெசினை மாற்றும் நேரம்.

மூன்றாவது மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை வரை மின்தடை என்று மின்வாரியம் அறிவிக்கும் நாள் எல்லாப் பகுதிக்கும் வருகிறது. வெளிச்சம் இல்லாத பாசி ஆக்சிஜன் கொடுக்காது, எடுத்துக்கொள்ளும். தேங்கிய 31 டிகிரித் தண்ணீரில் ஒரு கிலோ பாசி இருட்டில் கிடந்தால் அது மீனோடு மூச்சுக்குப் போட்டி போடும். பேட்டரி ஏர் பம்ப் இரண்டு, ஒன்று தொட்டிக்கு, ஒன்று பாசி இருக்கும் அறைக்கு. இன்வெர்ட்டர் இருந்தால், சம்ப்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ரிட்டர்ன் பம்பை மட்டுமாவது அதில் சேர்த்துவிடுங்கள்.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் பாசி விளக்கை இரவில் எரிப்பதே இங்கே சரி. இரவு 8 மணிக்குப் போட்டுக் காலை 10 மணிக்கு அணைத்தால், தொட்டி விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்து, விடியற்காலையில் பிஎச் 7.8-க்குச் சரிவதைத் தடுக்கும். விளக்கின் சூடும் குளிர்ந்த நேரத்தில் போகும். பகல் மின்தடையும் பாசியின் வேலை நேரத்தை அவ்வளவாகக் கெடுக்காது.

கீட்டோமார்ஃபா: பெரும்பாலானவர்களுக்கு இதுவே

கடைக்காரர்கள் கீட்டோ என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். பாத்திரம் தேய்க்கும் பச்சை நைலான் நாரைப் பிரித்துப் போட்டது போல இருக்கும். வேர் கிடையாது, எதையும் பற்றாது, ஓர் உருண்டையாக அலையும். கையை விட்டு அள்ளினால் மொத்தமும் வந்துவிடும். ஓர் இழையில் நிறைய செல்கள் இருப்பதால் நடுவில் அறுந்தாலும் மற்ற பகுதி பாதிக்கப்படுவதில்லை. ஒரே இரவில் மொத்தமாகக் கரைந்து தண்ணீரைக் கெடுக்கும் வழக்கமும் இதற்கு இல்லை.

சம்ப்பில் 20 முதல் 30 லிட்டர் ஓர் அறை. 100 கிராம் பாசி. 6500 கெல்வின் வெள்ளை எல்இடி ஃப்ளட் லைட் 20 வாட், தண்ணீருக்கு 15, 20 சென்டிமீட்டர் மேலே. எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும் விளக்கே போதும், விலை கூடிய சிவப்பு நீல விளக்கு வளர்ச்சியைக் கூட்டும் என்றாலும் தொடக்கத்துக்குத் தேவையில்லை. உப்பு நீர் தெறித்து டிரைவர் துருப்பிடிக்காமல் இருக்க, இடையில் ஒரு கண்ணாடித் தகடு. ஓட்டம், அறையின் கொள்ளளவைப் போல மணிக்கு 5 முதல் 10 மடங்கு. உருண்டை மெல்லச் சுழல வேண்டும். சுழலாத உருண்டைக்குள் வெளிச்சம் போகாது. வெளியே பச்சை பளபளக்க, உள்ளே வெளுத்து, மீன் கழிவு அடைந்து, அந்த மையமே நைட்ரேட் ஊற்றாக மாறும். வாரம் ஒருமுறை அள்ளும்போது உருண்டையைப் பிளந்து, உள்புறத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாததால் செத்துப்போன கீட்டோ ஏராளம்.

கீட்டோ படுத்துவிட்டால் காரணத்தை நிறத்திலும் இழையிலும் படிக்கலாம். இழை வெளிறி மஞ்சளடித்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை, செலேட் செய்த இரும்பை வாரம் ஒருமுறை பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் பாதி. இழை பிஸ்கட் மாதிரி நொறுங்கித் துண்டு துண்டாகப் போனால் நைட்ரேட் பூஜ்யத்தைத் தொட்டிருக்கும், அல்லது வெப்பம் 30-க்கு மேல் நாள்கணக்கில் நின்றிருக்கும். அந்தத் துண்டுகள் ரிட்டர்ன் பம்பின் வாயை அடைக்கும். பம்புக்கு முன்னால் முரட்டு ஸ்பாஞ்ச் ஒன்று வையுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை பிழியுங்கள். இழைமேல் பழுப்பாக வழவழப்பு ஏறினால் ஓட்டம் போதவில்லை.

சித்திரையில் கீட்டோவின் வளர்ச்சி தடைபடும். மார்கழியில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் அதே பாசி, விசிறி இல்லாத மே மாதத்தில் நின்றுவிடும். அந்த மாதத்தில் தீனியைக் குறைத்துத் தண்ணீர் மாற்றுவதைக் கூட்டுவதே வழி. விளக்கைக் கூட்டினால் சூடுதான் கூடும்.

காலர்பா: வளர்ச்சிக்கு நூறு மதிப்பெண், நம்பிக்கைக்கு இல்லை

சூட்டைத் தாங்குவதிலும் வேகத்திலும் காலர்பா கீட்டோவை முந்தும். திராட்சைக் கொத்து போன்ற ராசிமோசா, இறகு போன்ற டாக்ஸிஃபோலியா, பட்டையிலை போன்ற ப்ரோலிஃபெரா ஆகியவை அடிக்கடி கைக்கு வருபவை. முதல் மாதத்தில் பார்ப்பவருக்கு இதுதான் சிறந்த தேர்வு என்று தோன்றும்.

ஆனால் காலர்பா முழுச்செடியும் ஒரே செல். கொடி, இலை, வேர் எல்லாவற்றுக்குள்ளும் தடுப்பே இல்லாமல் ஒரே திரவம் ஓடுகிறது. கத்தரியால் வெட்டினால் வெட்டிய இடத்தில் அது கசியும். பெரிய கொத்தை ஒரே நாளில் வெட்டினால், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் பொங்கும். ஆகவே அறுக்கக் கூடாது. ஓடும் தண்டின் நுனியைப் பிடித்து, வேரோடு முழுத் தண்டாக இழுத்தெடுக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, இனப்பெருக்கத்துக்குப் போவது. மாலையில் இலைகள் வெளிறி, உள்ளே வலை போன்ற கோடுகள் தெரியும். விடிந்தால் செடி கண்ணாடி போல வெறும் தோலாக நிற்கும், தண்ணீர் பச்சைப் பால் போல இருக்கும், மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திணறும். செடி மாதக்கணக்கில் சேர்த்த சத்து அத்தனையும் ஒரே இரவில் தண்ணீருக்குள் வந்துவிட்டது. உடனே காற்றுக்கல்லைக் கூட்டி, தோலை எல்லாம் அள்ளி, 30 முதல் 40 சதவீதம் தண்ணீர் மாற்றி, வடிகட்டியில் புது ஆக்டிவேட்டட் கார்பன் போட வேண்டும். இதற்காகவே உப்புத் தண்ணீர் 80 லிட்டர் எப்போதும் கலந்து தயாராக இருக்க வேண்டும். சித்திரைச் சூட்டில் பின்னிரவு 3 மணிக்கு இது நடந்தால் காலை வரை மீன் தாங்காது.

24 மணி நேரமும் விளக்கை எரித்தால் காலர்பா இந்த நிலைக்குப் போகாது என்று ஒரு நடைமுறை உண்டு. தொடர்ந்து நெருக்கமாக அறுவடை செய்தாலும் வாய்ப்பு குறையும். விளக்கு நேரம் திடீரென்று மாறுவது, சத்து திடீரென்று தீர்வது இரண்டும் தூண்டுதல்கள். நம் ஊர் மின்தடையை வைத்துக்கொண்டு அணையாத விளக்கை நம்பிக் காலர்பா வளர்ப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வேண்டும் என்றே நினைப்பவர் மெதுவாக வளரும் ப்ரோலிஃபெராவை எடுக்கட்டும், டாக்ஸிஃபோலியா வேண்டாம். 1984-இல் மொனாக்கோ கரையருகே சிறு திட்டாகக் காணப்பட்ட அதன் தொட்டி வகை மத்தியதரைக் கடலின் அடித்தரையில் பரவியது. 2000-இல் கலிஃபோர்னியாவில் கண்டுபிடிக்கப்பட்டபோது தார்ப்பாயைப் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தி அழித்தார்கள். முழுதாக ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆனது. கடலிலேயே அந்தப் பாடு என்றால், பாறை இடுக்கில் வேர் விட்ட காலர்பாவை ஒரு தொட்டியிலிருந்து எடுப்பது மாதக்கணக்கான கைவேலை. சம்ப்பில் போட்ட காலர்பாவின் ஒரு சிறு துண்டு பம்ப் வழியாக மேலே போனால் போதும்.

கஞ்சிப்பாசி: தாவரம் தின்னும் மீன் உள்ளவர்களுக்கு

மண்டபம், பாம்பன் பக்கத்தில் கஞ்சிப்பாசி என்று அழைக்கப்படும் கிராசிலேரியா எடுலிஸ் நம் கடலின் பாசி. அந்தத் தண்ணீரின் சூட்டுக்குப் பழகியது என்பதால் 30 டிகிரியில் கீட்டோவைவிட நிதானமாக நிற்கும். வளர்ச்சி கீட்டோவைவிட மெது. நைட்ரேட் 5 பிபிஎம்முக்குக் கீழே போனால் கருஞ்சிவப்பு வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். நிறத்தைப் பார்த்தே டெஸ்ட் கிட்டை எடுக்கத் தோன்றும், அவ்வளவு நேர்மையான பாசி.

இதன் தனிப் பயன் தீனி. சர்ஜன் மீன், ஓரா மீன் இரண்டும் இதைக் கண்டால் விடாது. கைப்பிடி அளவில், ஒரு 5 கிராம் கொத்தைக் கிளிப்பில் மாட்டினால் ஒரு மணி நேரத்தில் காலி. ஆனால் இங்கே ஒரு கணக்குத் தவறு அடிக்கடி நடக்கிறது. சம்ப்பில் வளர்த்த பாசியை அதே தொட்டி மீனுக்குக் கொடுத்தால் சத்து வெளியேறுவதில்லை. மீன் தின்று கழித்தது மறுபடி தண்ணீரில்தான். லாபம் எங்கே என்றால், கடையில் வாங்கும் நோரித் தாள் (உலர்ந்த கடற்பாசித் தாள்) மிச்சமாகிறது. ஒரு தாள் சுமார் 3 கிராம், புரதம் மிகுந்தது. அதை உள்ளே போடாமல் விட்டால் வெளியிலிருந்து புதிதாக வரும் நைட்ரஜன் குறைகிறது. ஆகவே விளைச்சலில் பாதி மீனுக்கு, பாதி வெளியே என்று பிரித்துக்கொள்வது நல்லது.

மதுரையிலிருந்து மண்டபம் சுமார் 150 கிலோமீட்டர். அங்கிருந்து கொண்டுவரும்போது பையில் தண்ணீர் நிரப்பி அதில் மூழ்கவிட்டுக் கொண்டுவருவதே பலர் செய்யும் தவறு. மூடிய பையில் மூழ்கிய பாசி நாலு மணி நேரத்தில் மூச்சு முட்டிச் சூடாகிவிடும். கடல் நீரில் நனைத்த செய்தித்தாளில் சுற்றி, காற்றுள்ள பையில் போட்டு, தெர்மாகோல் பெட்டியில், ஐஸ் பாக்கெட்டைத் தாள் சுற்றி ஓர் ஓரமாக வைத்துக் கொண்டுவந்தால் அதே நிறத்தோடு இறங்கும்.

எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி எதையும் எடுக்கக் கூடாது. அங்கிருந்து வந்தது என்று சொல்லி விற்கும் உயிர்ப்பாறையும் வேண்டாம். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளவை. மிதவையில் வளர்க்கப்பட்ட பாசியைக் கேட்டு வாங்குங்கள். மிதவையில் பரவலாக வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் கிடைத்தால் தீனிக்குக் கொடுக்கலாம், தொட்டியில் நட வேண்டாம். குருசடைத் தீவில் அது உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்ததை மதுரை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தார்கள். பவளம் வைத்திருக்கும் தொட்டியில் அந்தச் சோதனை தேவையில்லை.

புயலுக்குப் பிறகு கரையில் ஒதுங்கும் கட்டக்கோரை, பக்கோடா பாசி ஆகிய பழுப்புப் பாசிகள் பார்க்க அழகு. வீட்டுத் தொட்டியில் சில வாரத்தில் பழுப்புச் சேறாகிவிடும். எடுக்காதீர்கள்.

பாசித் திரை: இடம் இல்லாதவருக்கு, மின்சாரம் நம்பகமாக உள்ளவருக்கு

ஒரு பிளாஸ்டிக் வலையில் மெல்லிய நீர்த்திரையாக ஓடவிட்டு, இருபுறமும் சிவப்பு விளக்கு அடித்து, அதில் முளைக்கும் முடிப்பாசியையே பயிராக்குவது. இனம் வாங்க வேண்டாம், தொட்டியிலுள்ள வித்தே முளைத்துக்கொள்ளும். எம்பிராய்டரிக்கு விற்கும் கட்ட வலை 10 சென்டிமீட்டர்க்கு 10 சென்டிமீட்டர் எடுத்து, ஹாக்ஸா பிளேடால் இரண்டு பக்கமும் முரடாகும்வரை தேய்க்க வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் மூன்றாம் வாரம் பாசி முழுப் பாளமாகக் கழன்று விழும். பிவிசி குழாயில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு நீளப் பிளவு வெட்டி வலையைச் செருகி, அகலத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் மணிக்குச் சுமார் 130 லிட்டர் கிடைக்கும்படி பம்ப். 10 சென்டிமீட்டருக்குச் சுமார் 510 லிட்டர் தேவை. 660 நானோமீட்டர் எல்இடி பக்கத்துக்குப் பத்து வாட், முதல் மாதம் 9 மணி நேரம், பிறகு 16, 18 வரை.

முதல் மூன்று வாரம் பழுப்பு வழுக்கல்தான் வரும், அதைக் கழுவிவிட்டுத் தொடருங்கள். பிறகு பச்சை முடி. ஏழு நாளுக்கு ஒருமுறை கழற்றி, குழாய்த் தண்ணீரில் பிடித்து, பழைய ஏடிஎம் அட்டையால் வழித்து, அடியில் ஒரு பச்சைச் சாயல் மட்டும் நிற்கும்படி விட வேண்டும். தார் போல் கருப்பாக வந்தால் சத்து மிகுதி, கழுவும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். ரப்பர் போல் மஞ்சளாக வந்தால் விளக்கு கூடுதல் அல்லது ஓட்டம் குறைவு.

நீர்த்திரையிலிருந்து ஆவியாவதால் கோடையில் தண்ணீர் கொஞ்சம் குளிர்வது உபரி லாபம். ஆனால் பம்ப் நின்றால் திரை காய்ந்துவிடும். கீட்டோ ஒரு நாள் இருட்டைத் தண்ணீருக்குள் கிடந்து பொறுத்துக்கொள்ளும், திரையில் உள்ள பாசி சித்திரை மதியத்தில் சில மணி நேரத்திலேயே போய்விடும். அடுத்த இரண்டு வாரம் அந்தத் தொட்டிக்குப் பாசியே இல்லை என்று பொருள். பம்பை இன்வெர்ட்டரில் சேர்க்க முடியாதவர் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

அழகுக்கு வளர்க்கும் ஹாலிமேடா, சிவப்புத் திராட்சை போன்ற பாட்ரியோக்ளாடியா, விசிறி போன்ற பாடினா எல்லாம் காட்சித் தொட்டிக்கானவை. சத்து இழுப்பதில் மிக மெது. ஹாலிமேடா சுண்ணாம்பு கட்டிக்கொள்வதால் கால்சியம் 400-க்குமேல், அல்கலினிட்டி 8, 9 டிகேஎச் இருக்க வேண்டும்.

மீன்தான் பாதி முடிவைச் செய்கிறது

கோமாளி, டாம்ஸல், கோபி, கார்டினல் உள்ள தொட்டியில் எந்தப் பாசியும் பிழைக்கும். சர்ஜனோ ஓராவோ உள்ள தொட்டியில் காட்சிப் பகுதியில் பாசி நிற்காது. சம்ப்பிலோ, உள்ளே துளைப்பெட்டி தொங்கவிட்டோதான் வளர்க்க வேண்டும். இதையே திருப்பிப் பயன்படுத்தி, "பாசி மிஞ்சிவிட்டது, ஒரு சர்ஜன் வாங்கிவிடு" என்று கடையில் சொல்வார்கள். 200 லிட்டரில் அது தவறு. செயில்ஃபின் சர்ஜன் 30 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். அது தின்னும் பாசியைவிட அதற்குப் போடும் தீனி அதிகம். ஓராவின் முதுகு முள்ளில் விஷம் இருக்கிறது, வலையில் பிடிக்கும்போது கையை வைத்தால் மணிக்கணக்கில் கடுக்கும். இரண்டுக்கும் 400 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். சிறிய தொட்டிக்கு ட்ரோக்கஸ் நத்தை ஆறேழு, கூடவே நம் விரல்.

குமிழ்ப்பாசி, அதாவது வலோனியா, பச்சைக் கண்ணாடிக் கோலி போல முளைக்கும். அமுக்கி உடைத்துத் தொட்டிக்குள் விடக் கூடாது. 10 மில்லிமீட்டர் குழாயில் சைஃபன் ஓடவிட்டு, குழாயின் வாயை அதன்மேல் வைத்து, அடியை நகத்தால் திருகினால் முழுசாக உறிஞ்சப்பட்டு வாளிக்குப் போய்விடும். பாறை கழற்ற வருமானால் வெளியே எடுத்துச் செய்வது இன்னும் நல்லது. இறகு போன்ற பிரையாப்சிஸ் மட்டும் கைக்கு அடங்காது. அதற்கு ஃப்ளூகோனசோல் லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்பது வழக்கத்தில் உள்ள அளவு, கார்பனை எடுத்துவிட்டு இரண்டு வாரம். அதற்கு முன் வளர்ப்புப் பாசியை வேறு வாளிக்கு மாற்றிவிடுங்கள், அதன் வளர்ச்சியும் நிற்கும். செத்த பாசி சத்தைக் கொட்டும் என்பதால் முடிவில் 25 சதவீதம் தண்ணீர் மாற்றம்.

செம்பு மருந்து என்றால் விஷயமே வேறு. வெள்ளைப்புள்ளி என்ற ஒட்டுண்ணி நோய்க்கு மீனுக்குச் செம்பு கொடுக்க வேண்டுமானால் தனித்தொட்டியில்தான். முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் பாசியும் நத்தையும் சேர்ந்து போகும்.

அந்த வெள்ளைப்புள்ளியே பாசியோடு வரலாம். புதுப் பாசியை முதலில் வெள்ளைத் தட்டில் உப்புநீர் ஊற்றிப் பிரித்துப் பாருங்கள். அசையும் நண்டு, பழுப்பு நிறத்தில் பூப்போல விரியும் ஐப்டேசியா என்ற கடல் அனிமோன், மணியளவு குமிழ்ப்பாசி மூன்றையும் இடுக்கியால் எடுக்க வேண்டும். பிறகு மீன் இல்லாத 15 லிட்டர் வாளியில் ஒரு காற்றுக்கல், ஒரு 9 வாட் எல்இடி பல்பு, இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீர். ஆறு வாரம் குறைந்தபட்சம், முழு நிம்மதி வேண்டுபவர்கள் 76 நாள் வைப்பார்கள். தொட்டித் தண்ணீர் வாளிக்குப் போகும்போது நோயுள்ள மீன் அந்தத் தொட்டியில் இருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நைட்ரேட்டைப் பூஜ்யமாக்குவதை வெற்றி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 என்ற பட்டைக்குள் நிறுத்துவதே நோக்கம். இரண்டும் பூஜ்யமானால் வளர்ப்புப் பாசி நொறுங்கும், மணலில் காற்றுக்குமிழோடு பழுப்புச் சளி இழைகள் எழும். அது டைனோஃப்ளாஜலேட். அதை விரட்டுவது எந்தப் பாசியையும்விடக் கடினம். நைட்ரேட் 3-க்குக் கீழே போகிற வாரத்தில் அறுவடையை நிறுத்தி, விளக்கை 8 மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள். 20-ஐத் தாண்டும் வாரத்தில் அறுவடை எடையைப் பாருங்கள். வடிகட்டியில் ஐந்து நிமிடம் வடியவிட்டு, எப்போதும் ஒரே மாதிரி எடை போட்டு, தேதியோடு சுவரில் எழுதி வைத்தால் தண்ணீர்ச் சோதனை சொல்லும் முன்பே எடை சொல்லிவிடும்.

அறுத்த பாசியைக் கண்மாயிலோ கழிவுநீர்க் குழாயிலோ போடாமல், நன்னீரில் இரண்டு முறை அலசி உப்பைப் போக்கி, மாடித் தோட்டத்து உரக்குழியில் சேர்க்கலாம். அதில் 50 கிராமை மட்டும் நனைந்த தாளில் சுற்றி, பக்கத்துத் தெருவில் தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்கு ஒவ்வொரு பருவமும் கொடுத்து வையுங்கள். மே மாதத்தில் உங்கள் கீட்டோ கரைந்துபோனால், மண்டபத்துக்கோ சென்னைக்கோ ஆர்டர் போட்டு மறுபடி ஆறு வாரம் வாளியில் வைக்காமல், அவர் தொட்டியிலிருந்து அன்று மாலையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.